குரேயின் டப்பாவில் இருந்த புழு

கோப்-தீர்,
ரஜப் பிறை 9

அன்புள்ள ஹிபாக்குக்கு உன் கணவன் தீரியே எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இந்தத் தாள் வந்து சேரும்போது நீ சாய்ந்து உட்கார்ந்து படிக்கிற அளவுக்காவது தேறியிருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நானும் பிள்ளைகள் ஆறு பேரும் இருக்கிறோம்.

போன் இருக்கும்போது இந்த மனிதனுக்குக் காகிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் இப்போது சமதர் அண்ணன் வீட்டில்தான் சார்ஜ் ஏறுகிறது. நீ கூப்பிட்டால் அதை ஸ்பீக்கரில் போட்டு நடுப்பாயில் வைத்துவிடுகிறார். அவர், தேக்கா அண்ணி, அவர்களுடைய பதினொரு பிள்ளைகள், கூடவே டீ குடிக்க வந்தவர்கள், எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். அதில் நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன் என்பதைத் தவிர என்ன பேச முடிகிறது? அகதி முகாம் பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதக் கற்றது இத்தனை வருஷம் கழித்து உபயோகப்படுகிறது. லாரிக்காரர் ஜிப்ரில் புதன்தோறும் ஹர்கேசாவில் உன் ஆஸ்பத்திரிப் பக்கம் வருகிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது இந்தக் கடிதத்துக்குப் பெரிய பாதுகாப்பு.

இந்தப் பருவத்துக் கூ மழை இன்னும் வரவில்லை. தெற்கே இரண்டு நாள் மேகம் கூடி நின்றது. எல்லாரும் வெளியே வந்து கழுத்து வலிக்கப் பார்த்தோம். பிறகு யாரோ கூப்பிட்டதுபோல அது எத்தியோப்பியா பக்கம் போய்விட்டது. நம் தொட்டியில் முழங்கால் அளவு தண்ணீர் இருக்கிறது, அதிலும் பாதி சேறு. தொட்டிச் சாவி ரோதாவின் இடுப்பில் இருக்கிறது. நீ செய்தபடியே செய்கிறாள். காலையில் ஆளுக்கு ஒரு குவளை, சாயங்காலம் ஆளுக்கு ஒரு குவளை, நடுவில் கேட்டால் முறைப்பு. அந்த முறைப்பு யாரிடம் கற்றது என்று எனக்குத் தெரியும். நான் முகம் கழுவ அரைக் குவளை கேட்டதற்கு, "அப்பா, மண்ணைத் தொட்டு ஒளு செஞ்சுக்குங்க. அல்லாஹ் ஒத்துக்குவான். தொட்டிதான் ஒத்துக்காது" என்கிறாள். பதினாலு வயதில் இந்தப் பேச்சு. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

நீ ஒருநாள் தொட்டி ஓரத்தில் நின்று சொன்னாயே, நினைவிருக்கிறதா? "தொட்டி ரொம்ப மாட்டேங்குது. வீடு மட்டும் வருஷா வருஷம் ரொம்புது." அப்போது நான் என்ன சொன்னேன்? பன்னிரண்டு முடிச்சுட்டுத்தான் தொட்டியைப் பத்தி யோசிக்கிறது என்றேன். சமதர் அண்ணன் பதினொன்றில் நிற்கிறார், அவரை நான் தாண்ட வேண்டும் என்று டீக்கடையில் வேறு பந்தயம் பேசினேன். நீ அப்புறம் தொட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. குவளையைச் சின்னதாக மாற்றினாய்.

ஒட்டகங்களில் ஐந்து மிச்சம். குலேத் பிறந்து தொப்புள் கட்டிய அன்று அவன் பேருக்கு விட்ட பெண் ஒட்டகம் போன வாரம் உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை. இரண்டு வயதில் அவனுக்குச் சொத்தும் இல்லை, பாலும் இல்லை. ஆனால் பயல் தைரியமாக இருக்கிறான். அம்மா எங்கே என்று கேட்டால் லாரி போன திசையைக் காட்டுகிறான்.

ஆஸ்பத்திரித் தாள்கள் இரண்டும் கிடைத்தன. முதல் தாள், ஓட்டையைத் தைக்கும் ஆபரேஷனுக்கு. அதில் உடனே கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பெரிய டாக்டரம்மா ரமலானுக்கு முன்னால் தன் ஊருக்குப் போய்விடுவார் என்று எழுதியிருக்கிறதே, தாமதிக்காமல் தைக்கட்டும். இரண்டாம் தாளை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன். இனி ஒரு கரு தங்கினால் உயிருக்கு ஆபத்து, ஆகையால் அதைத் தடுக்கக் கணவனின் சம்மதம் வேண்டும் என்று அதில் இருக்கிறது. டாக்டர்கள் எப்போதும் கூட்டித்தான் சொல்வார்கள். நீ வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். அண்ணனிடம் காட்டினேன். "வயித்தைப் பூட்டிட்டு வர்றவளை வெச்சுக்கிட்டு நீ என்னடா பண்ணப் போறே? உனக்கு வயசா ஆயிடுச்சு? இன்னொருத்தியைப் பாரு. இவளும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போறா" என்றார். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு விஷயம் மறக்காதே. டாக்டரம்மாவிடம் இடது கையைக் காட்டு. தண்ணீர் கேனைத் தூக்கிவிடும்போது உன் மேல்கைக்குள் தீக்குச்சி போல ஒன்று என் விரலில் தட்டுப்பட்டதே, அந்த இடம். என் அம்மா மார்பில் கட்டி வந்து செத்தது உனக்குத் தெரியும். அதனால்தான் நீ வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் குரேயைக் கூட்டி வந்தேன். இந்தப் பக்கத்தில் அவனைப் போல் சூடு போட ஆள் இல்லை. பேருக்கேற்ற இடதுகைக்காரன், தன் இடது கையாலேயே கீறி, இடது கையாலேயே ஆணியைக் காய்ச்சி வைத்து, அந்த வெள்ளைப் புழுவை முழுசாக இழுத்துப் போட்டான். இன்னும் டப்பாவில் வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் காட்டுகிறான். ஆனாலும் அதற்கப்புறம்தானே உனக்கு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்தது? புழுவின் ஒரு துண்டு உள்ளேயே தங்கியிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். தழும்பைக் காட்டிக் கேள்.

நெய்யில் போட்ட இறைச்சி ஒரு சின்னப் பாத்திரத்தில் அனுப்பியிருக்கிறேன். ரோதா செய்தது, உப்பு கொஞ்சம் கூட. பக்கத்துப் படுக்கைப் பெண்களுக்கும் கொடு. அல்லாஹ் உன்னைத் தைத்து முழுசாக அனுப்பி வைக்கட்டும்.

இப்படிக்கு,
நீ எப்போதும் வாயை மூடச் சொல்லும் உன் ரேடியோ,
தீரியே


கோப்-தீர்,
ரஜப் பிறை 21

ஹிபாக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை வரிசையாக எழுத வருமா என்று தெரியவில்லை.

ஊரில் தட்டம்மை பரவுகிறது. குலேத்துக்கு ஊசி போடவேண்டும் என்று நீ போனில் சொன்னாய் அல்லவா, செவ்வாய்க்கிழமை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தை ஊர் தாய்சேய் நிலையத்துக்குப் போனேன். முப்பது பெண்கள் வரிசையில் இருந்தார்கள். ஆண் நான் ஒருவன்தான். ஒருத்தி, "இங்க பாருங்கடி, இவருக்குப் பால் சுரந்துடுச்சு போல, வரிசையில வந்து நிக்கிறாரு" என்றாள். இன்னொருத்தி, "தாடிக்குத் தடுப்பூசி கிடையாதுங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததை இப்போது நினைத்தால் அது வேறு யாரோ என்று தோன்றுகிறது.

காத்திருக்கும்போது கவ்ஸர் நர்ஸ் பெண்களுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்கு நடுவில் இடைவெளி விடும் முறைகளாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தேன். ஆனால் காதைத் திருப்ப முடியாதே. ஒருத்தி, "அது உள்ள போய் வேற எங்கயாச்சும் ஓடிடாதா அக்கா?" என்று கேட்டாள். கவ்ஸர், "ஓடாதுடி. கையில தோலுக்கு அடியில தீக்குச்சி மாதிரி அப்படியே கிடக்கும். மூணு வருஷம் கவலையில்ல. எடுத்துட்டா அடுத்த மாசமே கூடத் தங்கலாம்" என்றாள். தீக்குச்சி என்ற சொல் கேட்டதும் திரும்பிப் பார்த்தேன். அவள் கையில் ஓர் அட்டை இருந்தது. அதில் ஒட்டியிருந்தது குரேயின் புழு.

நீளம் அதே. வெள்ளை அதே. இரண்டு முனையும் ஒரே மாதிரி வெட்டியது போல இருந்ததே, அன்றைக்கே என் கண்ணில் பட்டதே, புழுவுக்குத் தலை எங்கே வால் எங்கே என்று நான் கேட்டேனே, அதே இரண்டு முனைகள். குலேத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் மடியிலேயே வைத்து அவனுக்கு ஊசி போட்டார்கள். எல்லாரும் போன பிறகு கவ்ஸரிடம் கேட்டேன், என் மனைவி இங்கே வந்தாளா என்று. "யாரு வந்தாங்க, என்ன வெச்சுக்கிட்டாங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், அவங்க வீட்டுக்காரர்கிட்ட கூட. அப்படிச் சொன்னா நாளைக்கு ஒருத்தியும் வரமாட்டா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து ஒரு குவளை தண்ணீர் கொடுத்தாள். முழுக் குவளை. அதை குலேத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

நேரே டீக்கடைக்குப் போனேன். குரே இருந்தான். டப்பாவைக் கேட்டேன். "நூறு பேருக்குக் காட்டின புழு இது, உனக்கு எதுக்கு?" என்றான். நான் பிடுங்கினேன். ஒரு முனையை அடுப்பில் காட்டினேன். உருகிச் சொட்டியது. தண்ணீர் கேன் எரிந்தால் வரும் நாற்றம் வந்தது. கடையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். குரே மட்டும் அசையாமல், "காஞ்ச புழு அப்படித்தான் எரியும்" என்றான். அவனை அடிக்கக் கை வரவில்லை. அவனைக் கூட்டி வந்தவன் நான். உன் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டவன் நான். அவனுக்கு ஆடு அறுத்துப் போட்டவனும், பத்து நாள் இதே கடையில் உட்கார்ந்து, என் பெண்டாட்டி கையிலிருந்து புழு எடுத்த கதையை ஒலிபரப்பியவனும் நான்தான்.

வீட்டுக்கு வந்து டப்பாவைக் கீழே வைத்தேன். ரோதா லஹோஹ் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். டப்பாவைப் பார்த்ததும் மாவுக் கரண்டியைப் போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். நான் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஹிபாக். அவளாகவே சொன்னாள். "எனக்குத் தெரியும்பா. அம்மா அதை வெச்சுக்கிட்டப்ப நான்தான் குலேத்தைத் தூக்கிக்கிட்டு வெளியில நின்னேன். அன்னைக்கு குரே ஆணியைக் காய்ச்சும்போது சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பாத்துத் தலையை ஆட்டினா, வேணாம்னு." அவ்வளவுதான் சொன்னாள். லஹோஹ் கருகிப் போயிற்று. அதையே தின்றோம்.

அன்றைக்கு நீ கத்தவில்லை. கீறும்போது கத்தவில்லை, ஆணி வைத்தபோதும் கத்தவில்லை. என் மனைவிக்கு நெஞ்சு உரம் பார்த்தீர்களா என்று அதையும் நான் பெருமையாகச் சொன்னேன். இந்த மூன்று நாளாக எனக்குள் அது ஒன்றுதான் ஓடுகிறது. ஒரே ஒரு வார்த்தை. இது புழு இல்லை, நான் வைத்துக்கொண்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆணி அடுப்பிலேயே கிடந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று உன் மேல் கோபம்கூட வந்தது, மறைக்க மாட்டேன். ஒரு பகல் முழுக்கக் கோபமாக இருந்தேன். சாயங்காலம்தான் புரிந்தது. பழுக்கக் காய்ச்சிய ஆணிக்குப் பயப்படாத நீ எனக்குப் பயந்திருக்கிறாய். நான் உன்னை ஒருநாளும் அடித்ததில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறவன். அடிக்காமலே எவ்வளவு பயமுறுத்தி வைத்திருக்கிறேன் பார்.

நீ அந்தக் குச்சியை வைத்துக்கொண்டது எதற்கு என்று யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது, தொட்டிதான். குவளையைச் சின்னதாக மாற்றியும் போதவில்லை. குலேத்துக்கு இரண்டு வருஷப் பாலாவது முழுசாகக் கிடைக்கட்டும் என்று பார்த்தாய். அதை நாங்கள் புழு என்று பிடுங்கினோம். அடுத்த மாதமே உனக்கு நின்றது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பால் கொடுக்கக் கூடாது என்று தேக்கா அண்ணி குலேத்தைப் பதினோராம் மாதத்தில் உன் மார்பிலிருந்து இழுத்தார். அவன் எலும்பாகிப் போனதற்கு நான் வறட்சியைத் திட்டினேன்.

பிறகு அந்த மூன்று நாள். அதைப் பற்றி நாம் இருவரும் இதுவரை பேசியதில்லை. நான் ஒட்டகங்களோடு தெற்கே நான்கு நாள் நடைதூரத்தில் இருந்தேன், போன் எடுக்காத இடம். இங்கே உனக்குப் பிள்ளை குறுக்கே நின்றது. மருத்துவச்சி முதல் நாளே புராவோ ஆஸ்பத்திரிக்கு ஏற்றச் சொல்லியிருக்கிறாள். லாரி வாசலில் நின்றிருக்கிறது. அண்ணனும் மற்ற ஆண்களும், வயிற்றைக் கிழிப்பதற்குப் புருஷன் வார்த்தை வேண்டும், அவன் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். என்னைத் தேடி வண்டியில் ஆள் அனுப்பினார்கள். என் வார்த்தை வந்து சேர்ந்தபோது நம் மகன் உனக்குள்ளேயே செத்து ஒரு நாள் ஆகியிருந்தது. அவன் உன் உடம்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்தான். அவனுக்கும் ஒரு ஒட்டகம் குறித்து வைத்திருந்தேன்.

அப்புறம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அந்த ஓட்டை வழியாக நிற்காமல் சிறுநீர் கசிகிறது என்று உன் பாயைத் தனிக் குடிசைக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று நானும் சொன்னேன். ஆறு மாதம் ஆயிற்று. உன் துணி துவைக்க நீ உன் குடிதண்ணீரைச் சேர்த்து வைத்தாய் என்று ரோதா இப்போது சொல்கிறாள். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அந்தக் குடிசைக்குள் வந்திருக்க வேண்டும். நான் வாசலில் சாம்பிராணி போட்டு வைத்துவிட்டு, வெளியிலிருந்தே நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டுப் போனேன். சமதர் அண்ணனின் ஸ்பீக்கர் போனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

போன கடிதத்தில் தழும்பை டாக்டரம்மாவிடம் காட்டச் சொல்லி எழுதினேன். அதைப் படித்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடு.

எனக்கு ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

தீரியே


கோப்-தீர்,
ஷஅபான் பிறை 5

ஹிபாக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஜிப்ரில் நேற்று வந்தார். உன்னிடமிருந்து கடிதம் இருக்கும் என்று லாரிச் சத்தம் கேட்டதும் ஓடினேன். பாத்திரத்தை மட்டும் கொடுத்தார், கழுவித் துடைத்து. வேறு ஒன்றும் தரவில்லையா என்று மூன்று தரம் கேட்டேன். பாவம், அவர் நல்லவர், யோசித்து யோசித்துச் சொன்னார். நீ கடிதத்தை இரண்டு தடவை படித்தாயாம். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாயாம். பிறகு, "ஊசி போட்டப்ப குலேத் அழுதானா?" என்று அவரிடம் கேட்டாயாம். அவருக்கு எப்படித் தெரியும்?

அழவில்லை, ஹிபாக். நர்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அழுதது நான்.

தொட்டி வற்றிவிட்டது. ரோதா கடைசிக் குவளையைச் சேறோடு துணியில் வடிகட்டி ஆறு பேருக்கும் பிரித்தாள், தனக்குக் கடைசியில். இப்போது வாரம் ஒரு தண்ணீர் லாரி வருகிறது, ஊர்ப் பொதுவில். அளப்பதற்கு ஆள் கேட்டார்கள். அண்ணன் தன் மகனைச் சொன்னார். பெண்கள் எல்லாரும் ரோதாதான் வேண்டும் என்றுவிட்டார்கள். ஹிபாக் மகள் அளந்தால் கைக்குழந்தைக்காரிக்கும் சரியாக வரும் என்றார்கள். உன் பேரைச் சொல்லித்தான் அவளுக்கு அந்த வேலை வந்தது. மழை வந்ததும் அவள் பள்ளிக்கூடம் போகிறாள். இதை நான் சொல்லிவிட்டேன், அவளிடமும், அண்ணனிடமும்.

அண்ணனிடம் வேறு ஒன்றும் சொன்னேன். நீ எனக்குப் பெண் பார்க்க வேண்டாம் என்று. "ஆறு போதுமாடா உனக்கு? நாளைக்கு நம்ம கிணத்தடியில ஒரு தகராறுன்னா உன் பக்கத்துல நிக்க எத்தனை ஆம்பிளை?" என்றார். எனக்கு இருக்கும் இரண்டு பையன்களும் நிற்கிற அளவுக்கு முதலில் தண்ணீர் குடிக்கட்டும் என்றேன். அண்ணி ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, யாருக்கும் கேட்காமல், "கவ்ஸர் எந்த நாள்ல இருப்பா?" என்று கேட்டார். செவ்வாய் என்றேன். இந்த ஒன்றை மட்டும் நான் எங்கேயும் ஒலிபரப்பவில்லை.

டாக்டரம்மா கிளம்ப இருபது நாள்கூட இல்லை. நிறுத்தி வைத்திருந்த இரண்டாம் தாளை இத்துடன் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டு, பெருவிரலும் வைத்து. குழாயைக் கட்டுவதா, குச்சி வைப்பதா, வேறு எதுவா, என்னைக் கேட்கவேண்டாம். போன தடவை எல்லாரும் என் வார்த்தைக்காக மூன்று நாள் காத்திருந்தார்கள். இந்தத் தடவை என் வார்த்தை உனக்கு முன்னால் அங்கே போய் நிற்கட்டும்.

அதனுடன் இன்னொரு தாளும் இருக்கும். வெறும் தாள். புரட்டிப் புரட்டிப் பார்க்காதே, மேலே ஒன்றும் எழுதவில்லை. கீழே என் கையெழுத்து மட்டும் இருக்கிறது. ஜிப்ரிலும் பள்ளிவாசல் இமாமும் சாட்சியாக விரல் வைத்திருக்கிறார்கள். அண்ணன் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "வெறும் தாள்ல கையெழுத்துப் போட்டுப் பொம்பளை கையில கொடுக்கிறியே, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அவ என்ன வேணா எழுதிக்குவாளே" என்றார். அதற்காகத்தான் என்றேன்.

பதினாறு வருஷம் நான் பேசினேன், நீ கேட்டாய். இந்தத் தாளில் நீ எழுது, நான் கேட்கிறேன். தனிக் கட்டில் வேண்டுமா, எழுது. தொட்டிச் சாவி உன் இடுப்புக்குத் திரும்ப வேண்டுமா, எழுது. இனி இந்த ஊருக்கே வரமாட்டேன், ஹர்கேசாவில் உன் தங்கை வீட்டில் இருந்துகொள்கிறேன், பிள்ளைகளை அனுப்பு என்று எழுதினாலும் கீழே என் கையெழுத்து இருக்கிறது. என்னை வேண்டாம் என்று எழுதினாலும் அதற்கும் இருக்கிறது. கையெழுத்து கோணலாக விழுந்திருக்கிறது, பார்த்தால் உனக்கே தெரியும். நீ முகாமில் என் எழுத்துப் பலகையைப் பார்த்துச் சிரிப்பாயே, அதுபோலச் சிரித்துக்கொள்.

தனிக் குடிசையைப் பிரித்துவிட்டேன். அதன் கம்புகளை நம் மகன் கிடக்கும் இடத்தைச் சுற்றி வேலியாக நட்டேன், ஆடு ஏறாமல் இருக்க. குரேயின் டப்பாவையும் அங்கேதான் புதைத்தேன். உன் பாயை என் பாய்க்குப் பக்கத்தில் விரித்து வைத்திருக்கிறேன். நீ தைக்கப்பட்டு வந்தாலும் சரி, தையல் பிடிக்காமல் வந்தாலும் சரி, அந்தப் பாய் அங்கேயே இருக்கும். வரவில்லை என்றாலும் அதை எடுக்க மாட்டேன்.

அல்லாஹ் அந்த டாக்டரம்மாவின் கையை நடுங்காமல் வைக்கட்டும். உன் ஆயுளை நம் பிள்ளைகளுக்காக நீட்டட்டும். ஆபரேஷனின்போது வலித்தால் கத்து, ஹிபாக். வெட்கப்படாதே. அங்கே யாரும் உன் தோளை அமுக்கிப் பிடிக்க மாட்டார்கள்.

தீரியே